அடுத்த வாடைக்கு முன் ஓர் அகதிச் சட்டம்

(பருத்தித்துறையில் சனசமூக நிலைய ஆண்டுவிழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர்களே, என்னைப் படிப்பித்த ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம். பிரதேச செயலாளர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. மாரி வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, வீடு வீடாகச் சாப்பாடு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவர் அவர். இந்த நிலையத்துக்குக் காணி தந்த குடும்பத்தில் பிறந்த நம் தலைவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

‘அயல்நாட்டுக் கொந்தளிப்பும் எங்கள் பாதுகாப்பும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆட்சி கவிழ்ந்த நாட்டோடு எப்படிப் பழகுவது என்பது ஒன்று. எங்கள் கடலும் கரையும் இரண்டாவது. வர்த்தகமும் வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளும் மூன்றாவது.

2024 ஆகஸ்ட் 5 ஆம் திகதி வங்காளதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு இந்தியாவுக்குப் பறந்தார். பதினைந்து வருடம் தொடர்ந்து ஆண்டவர். மூன்றே நாளில் முகம்மது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு வந்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில் நேபாளத்தில் இளைஞர்கள் வீதிக்கு இறங்கினார்கள், பிரதமர் ஒலி பதவி விலகினார். இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. 2022 ஜூலையில் எங்கள் ஜனாதிபதியே மாலைதீவுக்கு ஓடி, சிங்கப்பூரில் இருந்து இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று என் அம்மம்மா சொல்லுவா. எங்களுக்கு வந்தது, தெரிந்தது.

டில்லி பல வருடமாக ஹசீனா என்ற ஒருவரோடு உறவு வைத்திருந்தது. அவர் போனதும் அந்த உறவு ஆட்டம் கண்டது. அவருக்கு அங்கே மரண தண்டனை விதித்தார்கள், திருப்பி அனுப்பு என்று கேட்கிறார்கள். எங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2021 இல் எங்கள் கஜானா வற்றியபோது 20 கோடி டொலர் கைமாற்றுத் தந்த நாடு வங்காளதேசம். நாங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தது 2023 இல். தந்த நாட்டை நினைக்க வேண்டும், அன்று அங்கே நாற்காலியில் யார் இருந்தார் என்பதை அல்ல. சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். நான் உண்மையில் பேச வந்தது அதைத்தான்.

மியன்மாரில் 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு முன்பே, 2017 இல், அந்த நாட்டின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோகிங்கியா மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்துக்கு விரட்டப்பட்டிருந்தார்கள். முகாமிலும் வாழ வழி இல்லாமல் மரப்படகில் ஏறுகிறார்கள். இயந்திரம் நின்றுவிட்டால் வாடைக்காற்று எங்கே தள்ளும் என்று இங்கே இருக்கும் சம்மாட்டிமாரிடம் கேளுங்கள். 2022 டிசெம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் 104 பேரைக் கடற்படை மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. 2024 டிசெம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கினார்கள். முள்ளிவாய்க்காலில்! எங்கள் சனம் சோறும் தண்ணீரும் கொண்டு ஓடியது. அரசாங்கம் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது, பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுவந்தது. ஏன் இந்த அலைச்சல்? கரையில் நிற்கும் அதிகாரியின் கையில் இருப்பது 1948 ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் மட்டும்தான். அதில் அகதி என்று ஒருவர் இல்லை. விசா இல்லாமல் வந்தால் குற்றவாளி, அவ்வளவுதான். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் இலங்கை இன்றுவரை ஒப்பமிடவில்லை.

இந்த இடத்தில் என் சித்தியின் கதையைச் சொல்லவேண்டும். 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியபோது நாங்கள் பேசாலையில் இருந்து படகு ஏறினோம். கூலிக்குச் சித்தியின் காப்பு போனது. ஆனால் சித்தி ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தா. நடுக்கடலில் தண்ணி உள்ளே அடிக்கத் தொடங்கியதும் ஓட்டி வந்து மூட்டையைத் தட்டிப் பார்த்தான். உள்ளே தையல் மெசின். கால்பகுதியைக் கழற்றிப்போட்டுத் தலையை மட்டும் கொண்டுவந்திருக்கிறா. ‘அக்கா, ஒண்டில் நீங்கள் இறங்குங்கோ, இல்லையெண்டால் மெசினை இறக்குங்கோ’ என்றான். சித்தி அசையவில்லை. ‘நான் இறங்கினால் என்ரை பிள்ளையளுக்கு ஆர் தைக்கிறது? மெசினை இறக்கினால் ஆர் சோறு போடுறது? நீ தண்ணியை அள்ளு தம்பி’ என்றா. அவன் பேசாமல் அள்ளத் தொடங்கினான், நாங்களும் அள்ளினோம். விடியப்புறம் ‘இந்தியா வந்திட்டுது’ என்று இறக்கிவிட்டுப் போனான். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் நாங்கள் நிற்பது ஒரு மணல்திட்டில், நாலு பக்கமும் கடல். பசியில் பிள்ளைகள் அழ, வெயில் ஏற, கடைசியில் ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் எங்களைக் கண்டார். மூட்டையில் என்ன என்று கேட்டார். சித்தி பயந்து பயந்து அவிழ்த்துக் காட்டினா. அவர் சிரித்துவிட்டார். ‘பிள்ளைங்க முதல்ல ஏறட்டும், அப்புறம் மெஷினை நானே தூக்கி வைக்கிறேன்’ என்றார். மண்டபம் முகாமில் பெயர் எழுதினார்கள், அட்டை தந்தார்கள், அரிசி தந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்தப் பள்ளிச் சட்டைகளில் பாதி சித்தி தைத்தவை. இன்றைக்கு அவவின் மூத்த மகள் ஒரு தாதி.

இந்தியாவும் அந்த அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடு இல்லை. இருந்தும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழரைத் தமிழ்நாடு ஏற்றது. அந்த அட்டை கிடைத்த நாங்கள்தான், இலங்கைக்கு ஓர் அகதிச் சட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டும். தலையிடியும் காய்ச்சலும் வந்து தெளிந்தவர்கள் நாங்கள்.

அகதிச் சட்டம் வந்தால் தேசிய பாதுகாப்புக்கு ஆபத்து என்கிறார்கள். இன்னும் ஒரு லட்சம் பேர் வரக் காத்திருக்கிறார்கள் என்று அரசாங்கத் தரப்பே பேசியது. நான் கேட்கிறேன், யார் வந்தார், யார் கூட்டிவந்தார், யார் காசு வாங்கினார் என்று தெரியாமல் இருப்பதா பாதுகாப்பு? இறங்கிய அன்றே பெயரும் கைரேகையும் பதியட்டும். ஒவ்வொருவரையும் தனியாக விசாரிக்கட்டும். கூலிக்கு ஆள் ஏற்றியவனை நீதிமன்றத்தில் நிறுத்தட்டும். உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று சட்டத்தில் எழுதட்டும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை 1994 இல் ஏற்றபோதே, சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு யாரையும் அனுப்பமாட்டோம் என்று ஒப்புக்கொண்டோம்.

இதை ரோகிங்கியாவுக்காக மட்டும் கேட்கவில்லை. 2025 மே மாதம், தமிழ்நாட்டில் அகதியாக இருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் பிடித்தார்கள். சட்டவிரோதமாக நாட்டைவிட்டுப் போனாராம்! உயிரைக் காப்பாற்ற ஓடிய மனிதன் எந்தக் கந்தோரில் போய் முத்திரை குத்திக்கொண்டு ஓடுவான்? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதை அந்தக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? நாங்கள்தான் சொல்லவேண்டும்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் சிக்கிய எங்கள் இளைஞர்களைப் பற்றியும் வர்த்தகத்தைப் பற்றியும் இன்னொரு மேடையில் பேசுவேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் அகதிச் சட்டம் கேட்கும் மனு இருக்கிறது. பெயர், முகவரி, கையொப்பம் மூன்றும் வேண்டும். சங்கத்துக்காரர் உங்கள் துறைகளுக்கும் ஒரு பிரதி எடுத்துப் போங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரிடமும், எந்தக் கட்சி என்று பாராமல், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். வரக்கூடியவர்கள் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள். நன்றி, வணக்கம்.