ட்ரோக்பாவும் அந்த 12 கஜமும்

வணக்கம் மக்களே. ஐவரி கோஸ்ட் நாட்டு ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர் டிடியே ட்ரோக்பா கதைய, ட்ரோக்பா இல்லாத ஒரு கிரவுண்டுல இருந்து ஆரம்பிக்கப் போறேன்.

[திரையில்: யவுண்டே, கேமரூன், 8 அக்டோபர் 2005]

கேமரூனும் எகிப்தும் ஆடுறாங்க, ஸ்கோர் 1-1, இஞ்சுரி டைம், கேமரூனுக்கு ஒரு பெனால்டி. பியர் வோமே அடிக்கிறாரு, பந்து போஸ்ட்ல பட்டு வெளிய போயிருச்சு. உள்ள போயிருந்தா கேமரூன் வேர்ல்டு கப்புக்கு போயிருக்கும். போகாததால, சூடான்ல 3-1ன்னு ஜெயிச்சிட்டு இந்த ரிசல்ட்டுக்காக உயிர கையில பிடிச்சிட்டு இருந்த ஐவரி கோஸ்ட் முதல் தடவையா வேர்ல்டு கப்புக்குள்ள வந்துச்சு.

அப்ப அந்த நாடு ரெண்டா கிழிஞ்சு கிடந்துச்சு. 2002ல இருந்து உள்நாட்டுப் போர், வடக்கு கிளர்ச்சிக்காரங்க கையில, தெற்கு அரசாங்கத்து கையில. ஐவரி கோஸ்ட் டீமோட டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள டிவி கேமரா வருது, ட்ரோக்பா மைக்க வாங்குறாரு, சுத்தி நின்ன பசங்களோட சேர்ந்து மண்டி போட்டு, ஆயுதத்த கீழ போடுங்க, எலெக்‌ஷன் வைங்கன்னு கெஞ்சுறாரு. "ஒரே வீடியோல போர நிறுத்துன மனுஷன்"னு நெட்ல சுத்துதே, அது கொஞ்சம் ஓவர்தான். சமாதான ஒப்பந்தம் வந்ததே 2007 மார்ச்லதான், 2010 எலெக்‌ஷனுக்கு அப்புறம் மறுபடி அடிதடி ஆச்சு. ஆனா 2007 ஜூன்ல கிளர்ச்சிக்காரங்களோட கோட்டையான புவாக்கேலயே நேஷனல் டீம் மேட்ச் நடந்துச்சு, மடகாஸ்கர 5-0ன்னு அடிச்சாங்க. அத ஒரு சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம்.

சரி, யாரு இந்த ஆளு?

அஞ்சு வயசுல அபிஜான்ல இருந்து தனியா ஃபிளைட் ஏத்தி பிரான்ஸுக்கு அனுப்பிட்டாங்க. அங்க மாமா மிஷெல் கோபா புரொஃபஷனல் ஃபுட்பால் பிளேயர். வீட்டு ஞாபகம் தாங்காம மூணு வருஷத்துல திரும்பி வந்துட்டான் பையன், அப்புறம் அப்பா அம்மாவுக்கு வேலை போனதும் மறுபடி பிரான்ஸ். ரைட் பேக் ஆடிட்டு இருந்தவன முன்னாடி போய் ஆடுடான்னு தள்ளுனதே மாமாதான். லெ மான்ங்கற பிரெஞ்சு கிளப்ல ஒரு பக்கம் அக்கவுண்டிங் படிப்பு, இன்னொரு பக்கம் ஒண்ணு மாத்தி ஒண்ணு காயம், முதல் புரொஃபஷனல் கான்ட்ராக்ட் வந்தப்ப வயசு 21. 21ல நிறைய பேர் ஸ்டாரே ஆகிடுவாங்க, கவனிங்க.

2002ல இன்னொரு பிரெஞ்சு கிளப் கங்காம்ப், அடுத்த சீசன்ல லீக்ல 17 கோல், அப்புறம் மார்செய் கிளப். அங்க ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல போர்ட்டோவுக்கு எதிரா ஆடினப்ப எதிர் பக்கம் கோச்சா நின்னது மொரினியோ. மனசுல குறிச்சு வச்சவரு, 2004ல லண்டன் கிளப் செல்சிக்கு கோச்சா போனதும் 2.4 கோடி பவுண்ட் கொடுத்து தூக்கிட்டாரு. அதுக்கப்புறம் கோல் கணக்கெல்லாம் நீங்களே தேடிக்கலாம், லீக்ல அதிக கோல் அடிச்சவருக்கு தர்ற கோல்டன் பூட் ரெண்டு, நாலு எஃப்.ஏ. கப் ஃபைனல்ல கோல். எனக்கு சொல்ல வேண்டியது பெனால்டி புள்ளியில இருந்து கோல் வரைக்கும் இருக்குற அந்த 12 கஜம்தான்.

2006, கெய்ரோ, ஆப்பிரிக்க கப் ஃபைனல், மேட்ச் டிரா ஆனதும் ரெண்டு டீமும் மாறி மாறி பெனால்டி அடிக்கிற ஷூட்அவுட்ல டீமோட முதல் பெனால்டி ட்ரோக்பாவோடது. எகிப்து கீப்பர் எல் ஹடாரி பிடிச்சிட்டாரு. கப் போச்சு.

2008, மாஸ்கோ, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எதிர்ல மான்செஸ்டர் யுனைடெட். எக்ஸ்ட்ரா டைம் முடியப் போற நேரத்துல அவங்க டிஃபெண்டர் விடிச்சோட கன்னத்துல தட்டி ரெட் கார்டு வாங்கிட்டு வெளிய போயாச்சு. ஷூட்அவுட்ல அஞ்சாவது பெனால்டிக்கு வந்த செல்சி கேப்டன் டெர்ரி மழையில வழுக்கி போஸ்ட்ல அடிச்சாரு. டெர்ரி மேலதான் எல்லாரும் பரிதாபப்படுறாங்க, ஆனா அடிக்க வேண்டிய ஆளே உள்ள இல்லையே, அந்த கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

2012 பிப்ரவரி, லிப்ரவில், மறுபடி ஆப்பிரிக்க கப் ஃபைனல், ஜாம்பியா. 70வது நிமிஷம் ஸ்கோர் 0-0, பெனால்டி, பந்து கிராஸ்பாருக்கு மேல பறந்துச்சு. அப்புறம் ஷூட்அவுட்ல இவர் போட்டாரு, ஆனா கோலோ டூரேயும் கெர்வின்யோவும் விட்டாங்க, 8-7ன்னு ஜாம்பியாவுக்கு கப்.

மூணு மாசம் கழிச்சு மியூனிக், செல்சிக்கு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். எதிர்ல பயர்ன், அதுவும் அவங்க சொந்த கிரவுண்டு. 83வது நிமிஷம் முல்லர் கோல். 88ல செல்சிக்கு மேட்ச்லயே முதல் கார்னர், மாட்டா அடிக்கிறாரு, முன் போஸ்ட் பக்கம் ஓடி வந்து ட்ரோக்பா தலையால ஒரு மொத்து, 1-1. ஹீரோன்னு கத்தி முடிக்கல, எக்ஸ்ட்ரா டைம்ல தன்னோட பாக்ஸுக்குள்ள ரிபெரிய தடுக்கி விட்டு இவரே பெனால்டி கொடுத்துட்டாரு! பயர்ன் பிளேயர் ராபன் அடிச்சத செல்சி கீப்பர் செக் பிடிச்சதால தலை தப்பிச்சுது. ஷூட்அவுட் 3-3, கடைசி ஆளா நடந்து வர்றாரு. பெருசா ஓட்டமெல்லாம் இல்ல, ரெண்டு எட்டு. பயர்ன் கீப்பர் நோயர் ஒரு பக்கம் விழ, பந்து இன்னொரு பக்கம். செல்சிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக்.

ஆனா ஆப்பிரிக்க கப் மட்டும் கிடைக்கவே இல்ல, 2014ல நேஷனல் டீம்ல இருந்து ரிடையர் ஆகிட்டாரு.

[திரையில்: பாட்டா, 8 பிப்ரவரி 2015]

ஆறு மாசம் கழிச்சு ஐவரி கோஸ்ட் மறுபடி ஃபைனல்ல, எதிர்ல கானா, மறுபடி ஷூட்அவுட். முதல் ரெண்டையும் விட்டுட்டாங்க. கெர்வின்யோ பார்க்க தைரியம் இல்லாம கிரவுண்டுக்கு முதுக காட்டி உட்கார்ந்திருக்காரு. 8-8 ஆனதும், 2012லயும் கோல்ல நின்னு தோத்த கீப்பர் பூபக்கார் பேரி, கானா கீப்பர் அடிச்சத பிடிச்சிட்டு, அவரே எழுந்து போய் பந்த எடுத்து அந்தப் புள்ளியில வச்சாரு. 9-8.