என்ஜினைப் பிரிக்கும் முன்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவன் நான். டிராக்டரோ லாரியோ கிணற்று மேட்டில் நிற்கும் ஆயில் என்ஜினோ, எதுவாக இருந்தாலும் "என்ஜின் இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பட்டறையில் விட்டால் எவ்வளவு ஆகும், நாமே பிரித்துக்கொண்டால் எவ்வளவு மிஞ்சும் என்னும் அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பட்டறையில் கொடுக்கும் பில்லை நிதானமாகப் பார்த்தால் அதில் மூன்று செலவுகள் இருக்கும்: சாமான், லேத்து வேலை, பிரித்துப் பூட்டும் கூலி. பிஸ்டன், ரிங், லைனர், பேரிங், கேஸ்கெட் எல்லாவற்றையும் யார் பூட்டினாலும் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்கைக் கிரைண்டிங் செய்வதும், என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை மட்டம் எடுப்பதும் நம் வீட்டு வாசலில் நடக்கிற வேலையல்ல. ஆகவே நாமே இறங்கினால் மிஞ்சுவது கூலி ஒன்றுதான். இதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் நட்டப்பட்டேன்.

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டு, ஊரெல்லாம் சேற்றுழவு நடந்துகொண்டிருந்த நேரம். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டியதில் என்ஜின் கடுமையாகச் சூடேறி, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விட்டது. கேஸ்கெட் மாற்றுவது பெரிய வேலையா என்று எண்ணி, நானும் என் பங்காளியும் ஒரே பகலில் ஹெட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டு, கை வலிக்கும் மட்டும் இறுக்கிப் பூட்டினோம். வண்டியும் கிளம்பிவிட்டது, இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு ஒருநாள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. அடுத்த வயலையும் முடித்துவிடலாம் என்று அப்போதும் ஓட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் தேய்ந்து கிராங்கில் கோடு விழுந்துவிட்டது.

லேத்துப் பட்டறைக்காரர் ஹெட்டின் மேல் நேர்கோலை வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினார். சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. ஒரு தாளின் கனம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். அந்த அளவு வளைவே புதிய கேஸ்கெட்டையும் கசிய வைக்கப் போதும். கேஸ்கெட் போடும் முன்பே ஹெட்டைக் கொண்டுபோய் மட்டம் பார்த்திருந்தால் சிறு செலவோடு முடிந்திருக்கும். அதை விட்டதால் கிராங்கை 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கான பேரிங் தேடி வாங்கி, முழு என்ஜின் வேலையாகப் போய்விட்டது. உழவுப் பருவமும் கைவிட்டுப் போயிற்று. அந்த நாட்களில் வராமல் போன மணிக்கூலி எந்தப் பில்லிலும் எழுதப்படவில்லை என்றாலும், எனக்கு அதுதான் பெரிய செலவு.

நம் ஊர்க்காரர்களுக்கு இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் துணிவு எப்போதும் உண்டு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, அதற்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பழகியவர். அவர் பிரித்தது கற்றுக்கொள்வதற்காக. நானோ கூலிக்காகப் பிரித்தேன். கற்றுக்கொள்ளப் பிரிக்கிறவர் ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பார், அவசரத்துக்குப் பிரிக்கிறவர் அளக்கமாட்டார்.

அதனால் இப்போது நான் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறேன். கழற்றுவது, டீசலில் கழுவுவது, பேரிங் கேப்புகள் ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் அடையாளம் இட்டு வரிசையாக வைப்பது, லேத்துக்குச் சுமந்து செல்வது எல்லாம் என் வேலை. அளப்பதும் பூட்டுவதும் மெக்கானிக்கின் வேலை. அவர் அளக்கும்போது பக்கத்தில் நின்று, எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் குறித்த அளவுக்கு அவர் இறுக்குவதைப் பார்த்தபோதுதான், கைவலியை அளவாகக் கொண்டு நான் இறுக்கியது எவ்வளவு தவறு என்று விளங்கியது. கூலியில் ஒரு பங்கு இப்படியும் மிஞ்சுகிறது.

பழைய என்ஜினை மாற்றி வேறு என்ஜின் வைப்பது பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் முடிகிறது. வேலை முடிந்த என்ஜினுக்குத் தொடக்கத்தில் சேற்றுழவு போன்ற கடும் பாரம் கொடுக்காதீர்கள். முதல் ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.