அரிதாக எழுதுபவர்களைத் தவறவிடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. காலிவீதி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், அநேகமாக எல்லாருடைய கையிலும் கைபேசி. வெள்ளவத்தையில் ஏறியவர் புறக்கோட்டையில் இறங்கும்வரை விரலால் தள்ளிக்கொண்டே வருகிறார். என்ன வாசித்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவரில் பிழையில்லை. எதை முன்னால் காட்டுவது, எதை ஒளிப்பது என்று தீர்மானிப்பது எங்கோ இருக்கும் ஒரு கம்பனி.

இதற்குப் பழைய வழியொன்று இருக்கிறது: ஆர்எஸ்எஸ் என்கிற செய்தியோடை. 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வெளியானால் அதன் தலைப்பு, இணைப்பு, நேரம் எல்லாம் ஒரு சின்னக் கோப்பில் பதிவாகும். உங்களிடம் இருக்கும் ஃபீட் ரீடர் என்கிற செயலி இடைக்கிடை அந்தக் கோப்பைப் பார்த்து, புதியதை எடுத்துவந்து தரும். எழுதுபவருக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரிகூடத் தெரியவேண்டியதில்லை. பொட்காஸ்ட் கேட்பவர்களுக்கு இது புதிதல்ல, அதுவும் பெரும்பாலும் இந்த ஓடை வழியாகத்தான் வருகிறது.

சரி, யாருடைய ஓடையைச் சேர்ப்பது? பலர் முதல் நாளே பெரிய செய்தித்தளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். மறுநாள் திறந்தால் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும். அதோடு கைவிட்டுவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தலைப்புச் செய்தி எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும். ஓடையில் இருக்கவேண்டியவர்கள் அரிதாக எழுதுபவர்கள்.

தெஹிவளைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பறவைகளைப் பற்றி எழுதுகிறார். மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. சண்டையில்லை, பரபரப்பில்லை, ஆகவே சமூக ஊடகங்களில் அவர் எழுத்து மேலே வருவதேயில்லை. போன ஒக்டோபரில் ஒரு நாள் காலை என் ரீடரில் அவருடைய நாலு வரி வந்திருந்தது: ஆறுமணிக் குருவி வந்துவிட்டது, அந்தி நேரத்தில் கேளுங்கள் என்று. இந்தியாவிலிருந்து பருவத்துக்கு வரும் குருவி அது. அன்று மாலை பின்வளவில் போய் நின்றேன். வாகன இரைச்சலுக்கு நடுவே கூவியது! இத்தனை வருடமாக அதே வீட்டில் இருக்கிறேன், எனக்கு அதுவரை தெரியாது. அந்த நாலு வரிக்காகவே ஓடை வேண்டும் என்பேன். திரும்பவும் சொல்கிறேன், அரிதாக எழுதுபவர்களை முதலில் சேருங்கள்.

இன்னொன்று, ஓடைக்கு முடிவு உண்டு. புதியதை வாசித்தால் தீர்ந்தது, கைபேசியை வைத்துவிடலாம். சேர்ந்துபோனால் எல்லாவற்றையும் 'வாசித்தாயிற்று' என்று ஒரே தட்டில் குறித்துவிடுங்கள். யாருக்கும் கடன் இல்லை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். எந்தச் செயலி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபீட்லி, இனோரீடர் இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம், கணினியில் தண்டர்பேர்ட் போதும். தளத்தின் முகவரியைக் கொடுத்தாலே ஓடையைப் பெரும்பாலும் செயலியே கண்டுபிடிக்கும். முக்கியமாக, பலர் நம்பியிருந்த கூகுள் ரீடரே 2013இல் மூடப்பட்டது. அதனால் உங்கள் ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்கிற வகைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேறு எந்த ரீடருக்கும் அப்படியே கொண்டுபோகலாம். நன்றி, வணக்கம்.