காலையில் பூசை, மாலையில் ஓபரா: அபே பெல்லெக்ரனின் கதை

[திரையில்: 1733 அக்டோபர் 1, பாரிஸ், பலே-ரொயால் அரங்கம்]

வணக்கம். 1733 அக்டோபர் 1 அன்று பாரிஸில் ஒரு புது ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் இசை நாடகம், மேடையேறியது. பெயர் 'இப்போலித் எ அரிஸி'. இசை ழான்-பிலிப் ராமோ. அப்போது அவருக்கு ஐம்பது வயது, ஆனால் அதுதான் அவருடைய முதல் ஓபரா. மேற்கத்திய இசை வரலாறு எதைப் புரட்டினாலும் இந்த நாள் கட்டாயம் இருக்கும்.

அந்த ஓபராவின் கதையை அமைத்து, ஒவ்வொரு வரியையும் எழுதிக் கொடுத்தவருக்கு அப்போது வயது ஏறக்குறைய எழுபது. அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். சிமோன்-ஜோசெஃப் பெல்லெக்ரன். அதே வரலாற்றுப் புத்தகங்களில் இவர் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுவார், அதுவும் பெரும்பாலும் ஒரு கேலி வாக்கியம்.

அந்தக் கேலி ஒரு ஈரடிப் பாட்டிலிருந்து வருகிறது. ரெமி என்ற கவிஞர் எழுதியதாகச் சொல்வார்கள். அதன் பொருள் இது: 'காலையில் கத்தோலிக்கர், மாலையில் சிலை வணங்கி. மதியச் சாப்பாடு பலிபீடத்தில், இரவுச் சாப்பாடு நாடக மேடையில்.' பிரெஞ்சில் எதுகையோடு அழகாக ஒலிக்கும். அதனால்தான் மூன்று நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. ஆனால் அந்த இரண்டு அடிகளைத் தாண்டிப் போய்ப் பெல்லெக்ரன் எழுதியதைப் படித்தால், இவ்வளவு நல்ல எழுத்தாளரை ஏன் இப்படி ஓரங்கட்டினார்கள் என்று உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்த வீடியோ அதற்காகத்தான்.

[திரையில்: மார்செய் துறைமுகம், பழைய ஓவியம்]

பெல்லெக்ரன் 1663-இல் மார்செய் நகரத்தில் பிறந்தார். இளவயதிலேயே செர்வைட் துறவற சபையில் சேர்ந்தார். தென் பிரான்சின் மலைப்பகுதியில் மூஸ்தியே என்ற ஊர், அங்கே சபையின் மடம். அந்த அமைதி அவருக்கு ஒத்துவரவில்லை. கப்பலில் பூசை வைக்கும் குருவாக வேலை வாங்கிக்கொண்டு கிழக்கு நாடுகளுக்கு இரண்டு தடவை பயணம் போனார். 1703-இல் பிரான்ஸ் திரும்பினார். வயது நாற்பது. கையில் காசு இல்லை, எழுத்தில் பெயரும் இல்லை.

அடுத்த வருஷமே நிலைமை மாறியது. பிரெஞ்சு அகாதெமி கவிதைப் போட்டி வைத்தது. தலைப்பு, பதினான்காம் லூயி மன்னரின் படைகள் பெற்ற வெற்றி. பெல்லெக்ரன் ஒரு செய்யுள் மடல் அனுப்பினார், கூடவே இன்னொரு பாடலும் அனுப்பினார். பரிசுக்குரிய கவிதை எது என்று நடுவர்கள் குழம்பியது இந்த இரண்டுக்கும் நடுவில்தானாம். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பது பிறகுதான் தெரிந்தது. பரிசு மடலுக்குக் கிடைத்தது.

இந்தப் பரிசால் மதாம் த மான்தெனோனின் பார்வை அவர்மேல் விழுந்தது. மன்னர் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்ட பெண்மணி, பக்தியிலும் செல்வாக்கிலும் பெரியவர். பெல்லெக்ரன் பழைய சபையை விட்டு க்ளூனி சபைக்கு மாறுவதற்கு ரோமிலிருந்து அனுமதி வாங்கித் தந்தவர் அவர்தான். அதன் பிறகு பாரிஸில் இருக்கத் தடை இல்லை. எல்லோரும் அவரை 'அபே பெல்லெக்ரன்' என்றார்கள். 'அபே' என்பது பிரெஞ்சில் குருக்களை அழைக்கும் சொல்.

சரி, பாரிஸில் இருக்க அனுமதி கிடைத்தது. சாப்பாட்டுக்கு என்ன வழி?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைக்கு ஒரு சாதாரணக் குருவுக்கு வருமானம் பூசைக் காணிக்கை. இறந்தவருக்காகவோ நேர்ச்சைக்காகவோ பூசை வைக்கச் சொல்பவர்கள் கொடுக்கும் சிறு தொகை. பங்கும் பதவியும் இல்லாத குருவுக்கு அது போதவே போதாது. பெல்லெக்ரன் செய்யுள் விற்க ஆரம்பித்தார். கல்யாண வாழ்த்தா, பிறந்தநாள் பாட்டா, ஒருவரைக் குத்திக் காட்டும் நாலடியா, கேட்டதை எழுதிக் கொடுப்பார். அடிக் கணக்கில் விலை. கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் கந்தல் அங்கியோடு அலைந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாரிஸின் இலக்கிய வட்டாரம் அந்த அங்கியைப் பார்த்துச் சிரித்தது. அடுத்தவர் வயிற்றுக்காக எழுதுகிறவனின் சட்டையைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்குப் புரிவதே இல்லை.

அப்புறம் நாடகம் வந்தது. 1705-இல் 'பொலிதோர்', 1706-இல் 'யுலிசஸின் மரணம்', இரண்டும் துன்பியல் நாடகங்கள். 1713-இல் 'மெதே எ ழாசோன்', அடுத்த வருஷம் 'தெலெமாக்', இரண்டும் ஓபராக்கள். 1722-இல் 'புது உலகம்' என்ற இன்பியல் நாடகம். இதுபோக, செயின்ட் ஜெர்மென், செயின்ட் லோரான் சந்தைகளில் நடந்த கொட்டகை நாடகங்களுக்கும் எழுதினார்.

குரு ஒருவர் நாடகம் எழுதுவதில் என்ன சிக்கல்? பெரிய சிக்கல். பிரெஞ்சுத் திருச்சபை நடிகர்களைச் சபைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 1673-இல் நாடகாசிரியரும் நடிகருமான மொலியேர் இறந்தபோது, மன்னர் தலையிட்ட பிறகும் இரவில்தான் புதைக்க விட்டார்கள். 1730-இல் பாரிஸின் மிகப் பெரிய நடிகை அத்ரியேன் லெகுவ்ரர் இறந்தபோது கிறிஸ்தவ அடக்கமே மறுக்கப்பட்டது. எழுத்தாளர் வொல்தேர் அந்தக் கோபத்தில் எழுதிய கவிதை பிரசித்தம். இப்படிப்பட்ட ஊரில் காலையில் பலிபீடத்தில் நின்றவர் மாலையில் கொட்டகையில் நின்றார்.

பாரிஸ் பேராயர் கர்தினால் த நுவாய் கடைசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பூசையா, ஓபராவா, ஒன்றை விடு. பெல்லெக்ரன் ஓபராவை விடவில்லை. பூசை வைக்கும் உரிமை பறிபோனது. காணிக்கையும் அதோடு போனது. நல்ல வேளையாக 'மெர்க்யூர்' இதழில் நாடகப் பகுதி எழுதும் வேலை கிடைத்தது, அதிலிருந்து ஒரு உதவித்தொகை வந்தது.

பலர் இந்த இடத்தில் அவரை வசதிக்காக மதத்தை விட்டவர் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எழுதிய பக்திப் பாடல்களைப் பாருங்கள்.

[திரையில்: பழைய பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம்]

சேன்-சீர் என்ற இடத்தில் மதாம் த மான்தெனோன் நடத்திய பெண்கள் பள்ளிக்காகப் பெல்லெக்ரன் சங்கீதங்களையும், நீதிமொழிகளையும், 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்ற பக்தி நூலையும் பிரெஞ்சுப் பாட்டாக மாற்றினார். எந்த மெட்டில்? தெருவில் எல்லோரும் முணுமுணுத்த மெட்டுகளிலும், ஓபராவில் பிரபலமான மெட்டுகளிலும். மெட்டு ஏற்கெனவே மனசில் இருப்பதால் பாட்டு ஒரே நாளில் பாடமாகிவிடும்.

இப்போது சந்தைக் கொட்டகைக்கு வாருங்கள். பாரிஸில் வசனம் பேசி நாடகம் போடும் உரிமை அரசு நாடகக் குழுவுக்கு மட்டும்தான். சந்தைக் கொட்டகைக்காரர்கள் வசனம் பேசக் கூடாது என்று தடை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டு வரிகளைப் பெரிய அட்டையில் எழுதி மேலேயிருந்து தொங்கவிட்டார்கள். நடிகர் வாய் திறக்காமல் சைகை செய்வார். வாத்தியக்காரர்கள் ஊருக்கே தெரிந்த மெட்டை வாசிப்பார்கள். அட்டையைப் பார்த்து ஜனங்களே பாடுவார்கள்!

இரண்டும் ஒரே தொழில்தான், கவனித்தீர்களா? தெரிந்த மெட்டுக்குப் புது வார்த்தை. எந்த அசை நீளும், எங்கே மூச்சு விடுவார்கள், எந்தச் சொல் கூட்டத்தின் வாயில் உடையாமல் நிற்கும் என்ற கணக்கு. பலிபீடம் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம் என்று அந்த ஈரடி அவரை இரண்டாக வெட்டுகிறது. அவருடைய எழுத்தில் அந்தக் கோடே இல்லை. 'வெனே திவேன் மெஸ்ஸீ', அதாவது 'வாரும் தெய்வீக மெசியாவே' என்ற பாட்டு இவர் எழுதியது, பழைய ஒரு நாட்டுப்புற மெட்டில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் பிரெஞ்சு தேவாலயங்களில் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

இந்த இரண்டு பக்கமும் ஒரே மேடையில் சேர்ந்தது 1732 பிப்ரவரியில். 'ழெஃப்தே'. இசை மோந்தெக்லேர். பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் யெப்தாவின் கதை. போரில் ஜெயித்தால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வரும் உயிரைப் பலி தருகிறேன் என்று நேர்ந்துகொள்கிறான். எதிரே வருவது சொந்த மகள். பாரிஸ் ஓபராவில் பைபிள் கதை மேடையேறியது இதுதான் முதல் தடவை. முன்னுரைக் காட்சியில் பெல்லெக்ரன் துணிச்சலாக ஒன்று செய்தார். அப்பல்லோ, வீனஸ் என்று அந்த அரங்கில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆடிப் பாடிய தேவர்களை மேடைக்கு வரவழைத்து, 'உண்மை' என்ற பாத்திரத்தை விட்டே அவர்களை விரட்டினார். பூசை வைக்கக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர் அரங்கத்துக்குள்ளேயே வேதாகமத்தைக் கொண்டுவந்து வைத்தார். 1761 வரைக்கும் அதைத் திரும்பத் திரும்ப மேடையேற்றியிருக்கிறார்கள். சில வருஷம் கழித்து ராமோவுக்காக வொல்தேர் எழுதிய 'சம்சோன்' மேடைக்கே வர முடியவில்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'ழெஃப்தே' எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ராமோ 'ழெஃப்தே'யைக் கேட்டு அசந்துபோனார் என்பார்கள். அவருடைய நிலை அப்போது இதுதான்: இசை இலக்கணம் எழுதியவர், ஆர்கன் வாசிப்பவர், ஆனால் ஓபராவுக்கு வரிகள் எழுதித் தர ஆள் கிடைக்கவில்லை. 1727-இலேயே உதார் த லா மோத் என்ற பெரிய கவிஞருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பெல்லெக்ரன் ஒத்துக்கொண்டார். ஓபரா தோற்றுப்போனால் ஈடு கட்ட ஐந்நூறு லீவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சுப் பணம்) பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார், ஒத்திகையில் முதல் அங்கத்தைக் கேட்டதும் 'இப்படி இசை போடுகிறவருக்குப் பத்திரம் எதற்கு' என்று கிழித்துப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. ஐந்நூறு லீவ்ர் அவருக்குச் சின்னத் தொகை இல்லை.

இனி அந்த எழுத்துக்கு வருவோம்.

[திரையில்: இரண்டாம் அங்கம், பாதாள உலகம்]

கதை பழையது. தெசே மன்னனின் மனைவி ஃபேத்ர், அவனுடைய முதல் தாரத்து மகன் இப்போலித்மேல் ஆசைப்படுகிறாள். எவுரிப்பிடிஸ் எழுதினார், செனிகா எழுதினார், 1677-இல் ரசீன் எழுதியது பிரெஞ்சு நாடகத்தின் சிகரம். அதே கதையில் கை வைப்பதற்கே தைரியம் வேண்டும். பெல்லெக்ரன் என்ன செய்தார் என்றால், ரசீனில் மேடைக்கு வெளியே நடப்பதை மேடைக்குக் கொண்டுவந்தார். தெசே தன் நண்பனைத் தேடிப் பாதாளத்துக்கே போகிறான், அதுதான் இரண்டாம் அங்கம் முழுக்க. மெர்குரி தேவன் பரிந்து பேசிய பிறகு பாதாள அரசன் புளூட்டோ அவனை விட்டுவிடுகிறான். கிளம்பும் நேரத்தில் விதியின் மூன்று தேவதைகள் சொல்கிறார்கள்: பாதாளத்தை விட்டுப் போகிறாய், நரகத்தை உன் வீட்டிலேயே காண்பாய்.

ராமோ அந்த வரிக்கு எழுதிய மூவர் பாட்டு அவ்வளவு புதுமையானது, ஓபராவின் பாடகர்களால் சமாளிக்க முடியாமல் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார்கள். வரி அவ்வளவு தூரம் போகவிட்டதால்தான் இசை அங்கே போனது.

மூன்றாம் அங்கத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். தெசே வீடு திரும்புகிறான். கண்முன்னே மனைவி, கையில் வாளோடு மகன். உண்மையில் அவள் தன்னைக் குத்திக்கொள்ளப் பிடுங்கிய வாளை மகன் திரும்பப் பிடுங்கியிருக்கிறான். தெசேக்குத் தெரிவது வேறு. யாரும் உண்மையைச் சொல்வதில்லை. சரியாக அந்த நேரத்தில் மன்னர் உயிரோடு திரும்பிவிட்டார் என்று ஊரும் மாலுமிகளும் ஆடிப் பாடிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். பிரெஞ்சு ஓபராவில் ஒவ்வொரு அங்கத்திலும் ஒரு நடனக் காட்சி இருந்தே ஆக வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்கள் அதைக் கதையின் ஓரத்தில் ஒட்டிவைப்பார்கள். பெல்லெக்ரன் அந்த நடனத்தையே சித்திரவதை ஆக்கினார். உள்ளே எரிகிறது, வெளியே தெசே கொண்டாட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டம் போனதும் கடல் தேவன் நெப்டியூனிடம் கேட்கிறான், எனக்குப் பாக்கியிருக்கும் வரத்தில் என் மகனைத் தண்டி என்று.

முடிவையும் மாற்றினார். ரோமக் கவிஞர் விர்ஜிலில் வருவதுபோல, டயானா தேவி இப்போலித்தைக் காப்பாற்றி அவன் காதலி அரிஸியோடு சேர்த்துவைக்கிறாள். ஆனால் தெசேக்கு மன்னிப்பு முழுதாக இல்லை. மகன் உயிரோடு இருக்கிறான், நீ இனி அவனைப் பார்க்கவே முடியாது என்கிறான் நெப்டியூன்.

ஓபராவைக் கேட்ட மூத்த இசையமைப்பாளர் காம்ப்ரா, இதில் பத்து ஓபராவுக்கான இசை இருக்கிறது, இவர் நம் எல்லோரையும் மறைத்துவிடுவார் என்றாராம். முதலில் மறைந்துபோனவர் வரிகளை எழுதியவர். பாரிஸ் முழுக்க ராமோவின் இசை சரியா தவறா என்று சண்டை போட்டது. 1742-இல் ஓபரா மறுபடி மேடையேறியது. 1745 செப்டம்பர் 5 அன்று பெல்லெக்ரன் பாரிஸில் இறந்தார்.

'இப்போலித்', 'ழெஃப்தே' இரண்டும் இசை நடத்துனர் வில்லியம் கிறிஸ்டி குழுவின் பதிவாகக் கிடைக்கின்றன. முதல் தடவை கேட்பவர்கள் 'இப்போலித்'தின் மூன்றாம் அங்கத்திலிருந்து தொடங்குங்கள், பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு. மாலுமிகள் வரும் இடத்தில் நடன இசையை ரசித்துக்கொண்டே தெசேயையும் மனசில் வையுங்கள். பிறகு இரண்டாம் அங்கத்துக்குத் திரும்பிப் போய் அந்த மூன்று தேவதைகளைக் கேளுங்கள். இன்றைய பதிவுகளில் அந்த மூவர் பாட்டை வெட்டாமல் முழுதாகப் பாடுகிறார்கள்.