மாண்ட்காமரியில் இருந்தது, சென்னையில் ஏன் இல்லை?

(பாளையங்கோட்டையில் நடந்த வழக்கறிஞர்கள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாண்பமை ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, வரவேற்புரை நல்கிய சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நீதிபதி பெருமக்களே, அரசு வழக்கறிஞர் அவர்களே, சட்டக் கல்லூரி முதல்வர் அவர்களே, நாங்கள் வாதாடக் கற்றுக்கொண்ட மூத்த வழக்கறிஞர்களே, இந்த ஆண்டு புதிதாக அங்கி அணிந்திருக்கும் தம்பி தங்கைகளே, கட்டு தூக்கிக் கட்டு தூக்கியே எங்களை வாழவைக்கும் குமாஸ்தா நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். அவர்கள் இங்கே பணியில் இருந்தபோது நாம் வாய்தா கேட்டு எழுந்தால், உடனே கேட்பார்கள்: "கட்சிக்காரர் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்?" ராதாபுரம், செங்கோட்டை என்று சொன்னால் போதும், "இன்றைக்கே எடுத்துக்கொள்வோம், உட்காருங்கள்" என்பார்கள். பஸ் ஏறி வந்தவனின் ஒருநாள் கூலி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்; உச்ச நீதிமன்றம் டெல்லியில் மட்டும் உட்கார்ந்தால் போதுமா என்பதில்தான் அது போய் முடியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அமெரிக்காவின் வட்டாரக் கூட்டாட்சி நீதிபதிகள்; அதாவது மாநில அரசின் நீதிபதிகளாக இல்லாமல், மைய அரசின் நீதிபதிகளாக வட்டாரம்தோறும் அமர்பவர்கள். மூன்று செய்திகள் சொல்ல உத்தேசம்: அவர்கள் வந்த வரலாறு, அவர்களது அன்றாட வேலை, அவர்களை நியமிக்கும் முறை. இந்த மூன்றுக்கும் என் பாட்டி சொல்லும் ஒரே பழமொழிதான் வழிகாட்டி: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அமெரிக்க அரசியல் சாசனம் உச்ச நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு, கீழ் நீதிமன்றங்களை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது. 1789 செப்டம்பர் 24ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட நீதித்துறைச் சட்டம்தான் அந்த ஏட்டுக்கு உயிர் கொடுத்தது. 13 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு நீதிபதி. அவற்றுக்கு மேலே, பல மாவட்டங்களைச் சேர்த்து, கிழக்கு, நடு, தெற்கு என்று மூன்று வட்டங்கள். அந்த வட்ட நீதிமன்றங்களுக்குத் தனியாக நீதிபதிகள் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதியரசர்களும் ஆண்டுக்கு இரண்டு முறை வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டு, ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து வழக்கு விசாரிக்க வேண்டும். மக்கள் தலைநகருக்கு வரவில்லை, நீதியரசர்கள் மக்களிடம் போனார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுலபமான வேலை இல்லை. தெற்கு வட்டம் சுற்றிய ஜேம்ஸ் ஐரடெல், தபால்காரன் பிழைப்பாகிவிட்டது என்று நொந்து எழுதினார். 1799இல் 48 வயதில் இறந்தும் போனார். சாமுவேல் சேஸ் 1800இல் உறைந்த சஸ்குவஹானா ஆற்றைக் கடக்கும்போது பனி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டார். கூட வந்த மகன்தான் கரைசேர்த்தான். "இந்தச் சுமை எங்களால் ஆகாது" என்று நீதியரசர்கள் சேர்ந்து குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார்கள். அதற்கு அந்த நாடு கண்ட வழி என்ன? வட்டங்களை மூடிவிட்டு "எல்லோரும் தலைநகருக்கு வாருங்கள்" என்று சொல்லவில்லை. 1869இல் வட்டங்களுக்கென்றே ஒன்பது நீதிபதிகளை நியமித்தார்கள். 1891இல் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தையே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு 94 மாவட்டங்கள், வட்டார எல்லையுள்ள 12 வட்டங்கள். நீதிபதி எந்தெந்த ஊரில் உட்கார வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அலபாமா நடு மாவட்டம் என்றால் மாண்ட்காமரி, டோத்தன், ஒப்பலைக்கா. மூன்று ஊரும் ஏட்டில் இருக்கின்றன, மூன்று ஊரிலும் நீதிமன்றம் உட்காருகிறது.

மேல்முறையீடு கைக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. அர்க்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் 1875 முதல் நீதிபதியாக இருந்தவர் ஐசக் பார்க்கர். 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், 79 பேர் தூக்கிலேறினார்கள். 1889 வரை அவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவே வழி கிடையாது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

இப்போது செல்மாவுக்கு வருகிறேன். இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விடுவதில்லை.

1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவின் செல்மா ஊரில் வாக்குரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் மாநிலத் தலைநகரான மாண்ட்காமரிக்கு நடக்கத் தொடங்கினார்கள். வழி 54 மைல், நம் கணக்கில் சுமார் 87 கிலோமீட்டர். ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீஸ் வழிமறித்தது. தடியடி, கண்ணீர்ப்புகை, குதிரைப்படை. முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸ் என்ற இளைஞருக்கு மண்டை உடைந்தது. அமீலியா பாய்ன்டன் என்ற அம்மா மயங்கி விழுந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, ஊர்வலத்தைத் தடுக்கக் கூடாது என்று கேட்கும் மனுவோடு அந்த மக்களின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். எந்த நீதிமன்றத்தில்? ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வாஷிங்டனில் இல்லை. அதே மாண்ட்காமரியில், மாவட்ட நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் முன்னால். அவர் அலபாமா மண்ணிலேயே பிறந்தவர், வின்ஸ்டன் கவுண்டிக்காரர். 1955இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் நியமித்தபோது வயது 37. எதிர்மனுதாரரான மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் யார் தெரியுமா? இதே ஜான்சனோடு சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்! அப்படிப்பட்ட வாலஸ் மேடைதோறும் ஜான்சனைப் பொய்யன் என்று ஏசிக்கொண்டிருந்த காலம் அது.

ஜான்சன் முதலில் என்ன செய்தார்? விசாரணை முடியும்வரை ஊர்வலம் போகாதீர்கள் என்று, நீதி கேட்டு வந்தவர்களுக்கே தடை போட்டார். மார்ட்டின் லூதர் கிங்குக்கே வருத்தம்தான். வியாழக்கிழமை விசாரணை தொடங்கியது. அடிபட்டவர்கள் கூண்டேறிச் சொன்னார்கள். பாலத்தில் நடந்ததைப் படமெடுத்த தொலைக்காட்சிப் பிலிமை நீதிமன்றத்திலேயே திரையில் ஓட்டினார்கள். குதிரை பாய்கிறது, தடி விழுகிறது, அலறல் கேட்கிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும், நீதிபதி ஒன்றும் பேசாமல் தலையை அசைத்தபடி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 17, புதன்கிழமை தீர்ப்பு. அடி விழுந்த நாளிலிருந்து பத்தே நாள்! இழைக்கப்பட்ட அநீதி எவ்வளவு பெரிதோ, அதை எதிர்த்துத் திரளும் உரிமையும் அந்த அளவுக்குப் பெரிது என்று எழுதினார். அதோடு விடவில்லை. நெடுஞ்சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்றார். அந்தச் சாலை எங்கே குறுகும் என்பது அந்த ஊர் நீதிபதிக்குத் தெரியும் ஐயா! 21ஆம் தேதி புறப்பட்டார்கள், 25ஆம் தேதி மாண்ட்காமரி போய்ச் சேர்ந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இது அடுப்பில் ஏறிய சுரைக்காய்.

ஒன்பது ஆண்டுக்கு முன்பு அதே நகரத்தின் பஸ் வழக்கிலும் இந்த ஜான்சன் இருந்தார். மூவர் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 1956 ஜூன் 5ஆம் தேதி பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு. ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்ஸும் ஒரு பக்கம். சாட்சி சொன்னவர்களில் ஒருத்தி கிளாடெட் கால்வின். பதினைந்து வயதில் பஸ்ஸில் எழ மறுத்துக் கைதான பெண். "உங்கள் தலைவர் யார்?" என்று நகராட்சி வக்கீல் மடக்கினார். "எங்கள் தலைவர் நாங்களேதான்" என்றாள் அந்தப் பிள்ளை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கூண்டேறி இப்படிச் சொல்ல முடிந்தது என்றால், கூண்டு அவள் ஊரில் இருந்ததால்தான்.

உச்ச நீதிமன்றம் 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று சொன்னது பெரிய தீர்ப்பு, நான் மறுக்கவில்லை. அதைத் தெற்கு மாநிலங்களில் பள்ளி பள்ளியாக நடத்திக் காட்ட வேண்டிய பாரம் இந்த வட்டார நீதிபதிகளின் தலையில்தான் விழுந்தது. அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. ஜான்சன் வீட்டு வாசலில் சிலுவை கொளுத்தினார்கள். 1967இல் அவர் தாயார் வீட்டில் குண்டு வைத்தார்கள். அந்த அம்மா உயிர் தப்பியது தெய்வச் செயல். தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகர நீதிபதி வாட்டீஸ் வேரிங், பிரிவினை என்பதே சமத்துவமின்மைதான் என்று 1951இல் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். சொந்த ஊரே ஒதுக்கியதால் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஊர் நீதிமன்றத்துக்கு இன்று அவர் பெயர். 1979இல் சான் அன்டோனியோவில் நீதிபதி ஜான் வுட் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989இல் ராபர்ட் வான்ஸ் தபாலில் வந்த குண்டுக்குப் பலியானார். 2020இல் எஸ்தர் சாலஸ் என்ற நீதிபதியின் ஒரே மகனை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான் ஒருவன்.

அன்றாட வேலை என்று இரண்டாவதாகச் சொன்னேன். நம் மாவட்ட நீதிபதி அவர்கள் முன்வரிசையில் இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். அங்கேயும் ஒரே நீதிபதி காலையில் போதைப்பொருள் கடத்தியவனுக்குத் தண்டனை சொல்கிறார், மதியம் கம்பெனிகளின் ஒப்பந்தத் தகராறு கேட்கிறார், இடையில் ஜூரி தேர்வு. உதவிக்குச் சட்டம் முடித்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேர். சில நாட்களில் அதே கூடத்தில் புதிதாகக் குடியுரிமை பெறுபவர்களுக்கு உறுதிமொழி செய்து வைப்பார்கள். அன்று மட்டும் குழந்தைகளும் பூங்கொத்துகளும் நிறைந்திருக்கும். ஓய்வு வயது கிடையாது. கான்சஸ் நீதிபதி வெஸ்லி பிரவுன் 1962இல் கென்னடி நியமித்தவர். நூறு வயதைத் தாண்டியும் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு விசாரணை நடத்தி, 2012இல் 104 வயதில் மறைந்தார். (கைதட்டல்) இந்தக் கைதட்டல் அவருக்கு.

நம் ஊருக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. தாமிரபரணிக் கரை மேலத் திருவேங்கடநாதபுரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊர்க் குடும்பத்தின் பிள்ளை ஸ்ரீ ஸ்ரீனிவாசன், 2013இல் வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார். செனட்டில் 97 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2020இல் தலைமை நீதிபதியும் ஆனார்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். நியமன முறையை இன்னொரு மேடையில் பேசிக்கொள்வோம். நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

நம் அரசியல் சாசனத்தின் 130ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம் டெல்லியில் அமரும், அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி நியமிக்கும் வேறு இடங்களிலும் அமரும் என்கிறது. ஏட்டில் இருக்கிறது! சட்ட ஆணையம் 2009இல் தன் 229ஆவது அறிக்கையில் நாட்டின் நான்கு திசைகளுக்கும் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தெற்குக்குச் சென்னை அல்லது ஹைதராபாத். அதுவும் ஏட்டில் இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நெல்லையிலிருந்து நிஜாமுதீனுக்கு ரயில் ஏறினால் இரண்டு நாள். வீட்டு மனை வழக்கில் தோற்ற விவசாயி, பென்ஷன் நின்றுபோன ஆசிரியை, வேலையிலிருந்து நீக்கப்பட்ட மில் தொழிலாளி, இவர்கள் டெல்லி வக்கீலுக்குப் பீஸ் கொடுத்து, தங்க இடம் தேடி, தெரியாத மொழியில் ஆட்டோக்காரரோடு பேசி, கடைசியில் "அடுத்த வாரம்" என்று கேட்டுத் திரும்ப வேண்டுமா? நல்ல வழக்கு கையில் இருந்தும் அப்பீல் வேண்டாம் என்று என் எதிரே அமர்ந்து சொன்ன கட்சிக்காரர்கள் உண்டு.

காணொலி இருக்கிறதே என்பார்கள். கொரோனா காலத்தில் அது உதவியது, உண்மை. கட்சிக்காரர் தன் வக்கீலின் முகம் பார்த்து, கட்டைப் பிரித்து, "இந்தப் பத்திரத்தைக் காட்டுங்கள் ஐயா" என்று சொல்லும் வசதியைக் காணொலி தரவில்லை. கிளை வைத்தால் நீதிமன்றத்தின் ஒருமை கெடும் என்பார்கள். 2004 ஜூலை 24ஆம் தேதி மதுரையில் கிளை திறந்தார்களே, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒருமை கெட்டதா? அதற்கு முன் ஒரு ரிட் மனுவுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போனோம். இன்று காலை பஸ் ஏறி மாலை வீடு திரும்புகிறோம். அந்தக் கிளையைப் போராடிப் பெற்ற மூத்தவர்கள் இதே கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் எழுந்து நிற்க வேண்டுகிறேன். (நீண்ட கைதட்டல்)

உச்ச நீதிமன்றத்தின் தென்மண்டல அமர்வைச் சென்னையில் அமைக்கக் கோரும் மனு வாசலில் உள்ள மேஜையில் இருக்கிறது. பெயர், ஊர், பார் கவுன்சில் பதிவு எண் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். வழக்கறிஞர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் கட்சிக்காரர்களில் பத்துப் பேரிடமாவது கையெழுத்து வாங்கி வாருங்கள். எந்த ஊரிலிருந்து டெல்லிக்குப் போனார்கள், எத்தனை முறை போனார்கள், எவ்வளவு செலவானது என்பதைப் படிவத்தின் பின்பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள். பேனா இதோ.

நன்றி, வணக்கம்.