பொட்டலம் கொடுத்துட்டு போட்டோ எடுத்தா ஆச்சா? - வேலூர்ல என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் தொடக்க விழாவுல பேசினது

தலைமை தாங்கற தலைமையாசிரியர் அய்யா அவர்களே, வேலையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கற நம்ம வார்டு கவுன்சிலர் அண்ணன் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்து பெரியவங்களே, மைக்செட் தம்பி, டீ போட்டுக் குடுத்த அக்கா, முன்னாடி தரையில உக்காந்திருக்கற என் கண்ணுங்களா, எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்தின பொன்னாடைக்கு நன்றி, ஆனா அடுத்த தடவை அதுக்குப் பதிலா ஒரு போர்வை வாங்கி வைங்க, யாருக்குன்னு பேச்சு நடுவுல சொல்றேன்.

மூணு விஷயம் பேசணும்னு வந்தேன். ஒண்ணு பசி, ரெண்டு வீடில்லாதவங்க, மூணு நீங்க எப்படி நோட் எழுதணும்ங்கறது. எங்க பாட்டி எதுக்கெடுத்தாலும் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா'ம்பாங்க. பசியைப் பத்தி பத்து மார்க் கட்டுரை எழுதிடுவீங்க, 1956ல காமராஜர் மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022ல காலை உணவுன்னு வரிசையா வருஷம் போட்டு எழுதுவீங்க, மார்க்கும் வந்துரும். ஆனா பள்ளிக்கூடத்துக்கே வராத ஆளு ராத்திரி எங்க சாப்பிடறான்?

போன தடவை நம்ம பசங்க பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எலுமிச்சை சாதம் குடுக்கப் போனாங்க. நானும் கூடப் போனேன். ஒரு பையன், பேரு சொல்ல மாட்டேன், இங்கதான் உக்காந்து சிரிக்கறான், பொட்டலத்தை நீட்டிக்கிட்டே இன்னொரு கையில செல்போனைத் தூக்கிப் பிடிக்கறான். வாங்கினவரு மூடியிருந்த கடை படியில உக்காந்திருந்த ஒரு பெரியவரு. பொட்டலத்தைப் பிரிச்சாரு, மோந்து பாத்தாரு, 'இன்னா தம்பி, சூட்டோடவே கட்டிட்டியா'ன்னாரு. பையனுக்கு ஒண்ணும் புரியல. 'சாதத்தை தாம்பாளத்துல பரத்தி ஆற வச்சுட்டு கட்டணும்பா, இல்லன்னா உள்ளயே வேர்த்து ஊசிப் போவும், இந்த வேலூரு வெயில்ல சாயங்காலம் வரைக்கும் தாங்குமா'ன்னு கேட்டாரு. விசாரிச்சா அவரு கல்யாண சமையல் மாஸ்டரு! ஆயிரம் இலைக்கு சாம்பார் வச்ச கை. இடுப்பு போனதும் வேலை போச்சு, வேலை போனதும் வீடு போச்சு. அப்புறம் அரை மணி நேரம் க்ளாஸ்தான், புளிசாதம்னா எவ்வளவு நேரம் தாங்கும், தயிர்சாதத்துல பால் எவ்வளவு ஊத்தணும்னு. செல்போன் வச்சிருந்தவன் நோட்டு வாங்கி எழுதிக்கிட்டான். எனக்கு பாட்டிதான் ஞாபகம், ஏட்டுச் சுரைக்காய்!

நான் ஆர்வத்துல, 'அய்யா ரேஷன்ல அரிசி இலவசமாச்சே'ன்னு கேட்டேன். 'வாங்கியாந்து எங்க பொங்கறது சார், இந்த ஷட்டர் படியிலயா'ன்னாரு. சாப்பாடு ஞாயித்துக்கிழமை நாலு கோஷ்டி கொண்டாந்து குடுக்கறாங்களாம், செவ்வாய்க்கிழமை நாய் கூட வராதாம். அவரு கேட்டது ராத்திரி காலை நீட்ட ஒரு இடம், பெட்டியை வைக்க ஒரு பூட்டு, காலையில போக ஒரு கக்கூஸ், அவ்வளவுதான். போர்வை வாங்கி வைங்கன்னு சொன்னேனே, அது இவரை மாதிரி ஆளுங்களுக்குத்தான்.

இங்கதான் நான் விஷயத்துக்கு வரேன், கவுன்சிலர் அண்ணன் கொஞ்சம் கவனிக்கணும். நம்ம ஊருக்கு வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் ஜனங்க சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வராங்க. காட்பாடியில ரயில் இறங்கி வந்து, காசு இருக்கறவங்க லாட்ஜுல தங்கறாங்க, கையில காசு கரைஞ்சதும் கூட வந்த ஆளு துண்டை விரிச்சு ரோட்டோர பிளாட்பாரத்துல படுத்துக்கறாரு. அவரு பிச்சைக்காரரு இல்ல, ஊர்ல நிலம் வச்சிருக்கற விவசாயியா கூட இருக்கலாம். மத்திய அரசோட நகர்ப்புற வாழ்வாதாரத் திட்ட விதியிலேயே, ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேராவது தங்கற மாதிரி விடுதி இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நாம 2008லயே மாநகராட்சி ஆயிட்டோம். ஆஸ்பத்திரியில இருந்து நடக்கற தூரத்துல, பொம்பளைங்களும் குழந்தைங்களும் பயமில்லாம தங்கற மாதிரி ஒரு விடுதி வேணும்ங்கறதுதான் என் கோரிக்கை, இதை நான் கல்யாண வீட்டுல கூட பேசறேன்னு என் வீட்டம்மா திட்டறாங்க.

அந்த சி.எம்.சி.யை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மா கதை உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேரு பொண்டாட்டி பிரசவத்துக்கு உதவி கேட்டு வாசல்ல வந்து நின்னதைப் பாத்தாங்க, அந்த மூணு பொண்ணுங்களும் செத்துப்போனாங்க, அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு, 1900ல இங்க ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சாங்க. முதல்ல பாத்தாங்க, அப்புறம்தான் ஏட்டைத் தொட்டாங்க.

என்.எஸ்.எஸ். 1969ல ஆரம்பிச்சது, வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை. அதுல கோயில் வாசல்ல புல்லு புடுங்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, ஆனா நாலு ராத்திரி அந்த பஸ் ஸ்டாண்டு ரோட்டுல நடந்து, யாரு எங்க படுக்கறாங்க, எதனால வந்தாங்கன்னு பேரு போடாம கேட்டு எழுதிக்கிட்டு வாங்க, ஆசிரியரு கூட இருக்கணும், போட்டோ கூடாது. நோட் எழுதறது எப்படின்னு சொல்லணும்னு இருந்தேன், தலைமையாசிரியர் அய்யா வாட்சைப் பாக்கறாரு, அதனால விட்டுடறேன்.

வாசல்கிட்ட மேஜையில விடுதி கேட்டு மனு வச்சிருக்கோம். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப் போறோம். பெத்தவங்க கையெழுத்து போட்டுட்டுப் போங்க, கவுன்சிலர் அண்ணன் முதல் கையெழுத்து போடறேன்னு தலையாட்டிட்டாரு, எல்லாரும் பாத்தீங்க இல்ல? அந்த சமையல் மாஸ்டரும் வரேன்னு சொல்லியிருக்காரு, அவரை யாராவது வண்டியில கூட்டிக்கிட்டு வரணும், வண்டி இருக்கறவங்க மேஜையில பேரு குடுங்க.