அம்மாவைக் கேட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். இளைஞர்களும் மனித மாண்பும் என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறார்கள். மாண்பு என்பது மேடையில் கேட்கிற சொல். வீட்டில் அதை மரியாதை என்கிறோம். அந்த மரியாதை எங்கே தொடங்குகிறது? வாசலுக்கு ஆள் வந்தால் "வாருங்கள், உட்காருங்கள்" என்கிறோம். தண்ணீர்ச் செம்பு அதற்குப் பிறகுதான். நிற்கவைத்தே பேசி அனுப்பினால் அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? அதைப் பார்த்த யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆகவே இன்று நான் நாற்காலியைப் பற்றியே பேசுகிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். சேலத்து ஆடியைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு பக்கம் கோட்டை மாரியம்மன் திருவிழா, மறுபக்கம் துணிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி. என் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்குத் துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொள்வாராம். அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கியும் விடுவாராம்.

அன்று வகுப்பில் அரசமைப்புச் சட்டத்தின் 42-ஆம் உறுப்பு. வேலை செய்யும் இடம் நீதியாகவும் மனிதத்தன்மையோடும் இருக்க அரசு வகைசெய்ய வேண்டும் என்கிற பகுதி. நான் பாடத்தை முடித்தேன். அந்தப் பெண் எழுந்து, "ஐயா, அப்படியானால் என் அம்மா கடையில் உட்காரலாமா?" என்று கேட்டாள்.

உட்காரலாம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. மூலச் சட்டம் 1947-இல் வந்தது. இந்த ஒரு வரி அதற்குள் நுழைய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். அந்தச் சனிக்கிழமையே ஐந்தாறு பேர் துணி எடுக்கிறவர்களைப் போலக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கடையில் முக்காலிகள் வாங்கியே வைத்திருந்தார்களாம். மாடிப்படிக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்! திங்கட்கிழமை மனு தயார். "எங்கள் தோழியின் தாயார்..." என்று தொடங்கியது. பிழை திருத்திக் கொடுத்தவன் நான்.

மறுநாள் அந்த மாணவி மனுவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அம்மா சொன்னாராம்: "எனக்காகப் பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நாளைக்கு வேலை போனால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது?"

இதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன். என்னிடம் கேட்டீர்களா? பிள்ளைகள் தவறான எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அந்தத் தாயை மனுவுக்கு ஒரு சான்றாக்கிவிட்டார்கள். நானும் எழுத்துப் பிழையைப் பார்த்தேனே தவிர, இந்தப் பிழையைப் பார்க்கவில்லை. கடையில் அவரைக் கேட்காமல் நிற்கவைத்தார்கள். நாங்கள் அவரைக் கேட்காமல் சாட்சிக் கூண்டில் ஏற்றப் பார்த்தோம்.

பிறகு அவருடைய விடுமுறை நாளில் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவர் முக்காலியைப் பற்றிப் பேசவே இல்லை. "கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரிடம் கேட்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை" என்றார். கூடவே வேலை செய்யும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், தலையை ஆட்டினார்கள். நாங்கள் கடை கடையாகப் போய் இருக்கைகளை எண்ணியபோது இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

கேரளத்திலும் இப்படித்தான் தொடங்கியது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியோடு சேர்ந்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியே முதலில் கேட்டது கழிப்பறை. உட்காரும் உரிமை பிறகு வந்தது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, 2021-இல் நாம். கால் வலித்தவர்களே வாய் திறந்து கேட்டதால் வந்த சட்டம் இது.

எங்கள் பிள்ளைகள் மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்கள். எந்தக் கடையின் பெயரும் இல்லை, யாருடைய அம்மாவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 22-ஏ பிரிவுக்காக எத்தனை கடைகளை ஆய்வு செய்தீர்கள் என்று தொழிலாளர் துறையைக் கேட்டார்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அனுப்புவதற்கு முன் அந்த மூன்று பெண்களிடமும் படித்துக் காட்டினார்கள். ஒருவர் ஒரு வரியை நீக்கச் சொன்னார், நீக்கினார்கள். அந்த ஆண்டுத் தீபாவளிக்குள் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்காலிகள் மேலே வந்தன. மூன்று பேருக்கு ஒன்று என்ற கணக்கில். கழிப்பறைக்கு அனுமதி கேட்பது மட்டும் நின்றபாடில்லை.

ஏற்காட்டைப் பற்றிப் பாதி நேரம் பேச வேண்டும் என்று வந்தேன். நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காட்டு இளைஞர்களே, 18 வயதாகி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் சபை கூடும். தீர்மானத்தை நீங்கள் எழுதலாம். எழுதுவதற்கு முன் காப்பித் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் மலைக்கிராமங்களுக்கும் போய், என்ன கேட்க வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள். தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். காப்பிப் பழம் பறிக்கிற தாய்மார்கள் இன்று பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று... சரி, நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.